நிக்கல்: பிடிப்பதும் விடுவதும்

சோதனைக்குழாயில் பச்சை நிறத்தில் ஒரு கரைசல் இருக்கிறது. அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முதலில் வெளிர்பச்சையாக ஒரு கலங்கல் வருகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் கலங்கல் கரைந்து, கரைசல் நல்ல நீலமாகிவிடுகிறது. அப்புறம் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற நீளப் பெயர்க்காரரை நாலு துளி சேர்த்தால், குழாய் முழுக்க ரோஜாச் சிவப்பில் பஞ்சுபோல ஒரு வீழ்படிவு திரள்கிறது.

பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று நிறம் பார்த்துவிட்டோம். மூன்றிலும் இருப்பது நிக்கல்தான். அதுவும் இரண்டு எலெக்ட்ரான் இழந்த அதே +2 அயனி. அயனி மாறவில்லை, அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மட்டும் மாறினார்கள்.

நிக்கலின் வேதியியலை முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு வினைகளின் பட்டியல் ஒன்றை நீட்டுவது வழக்கம். அதை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதைவிட ஒரே ஒரு குணத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். நிக்கல் தன்னிடம் வருவதைப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் உடும்புப் பிடியாகப் பிடிக்காது. சூடோ மின்சாரமோ வேறொரு நல்ல துணையோ வந்தால் விட்டுவிடும். வண்ணக் கரைசலிலிருந்து பேட்டரி வரை இந்தக் குணம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடலாம். நிக்கலின் அணு எண் 28. தனிம அட்டவணையில் ஒரு பக்கம் கோபால்ட், மறுபக்கம் செம்பு. வெள்ளி போல மின்னும் இந்த உலோகத்தில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. 1455 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்பைப் போலக் காந்தம் இதையும் இழுக்கும். வெளி எலெக்ட்ரான்கள் மொத்தம் 10: 3டி ஆர்பிட்டால்களில் 8, 4எஸ் ஆர்பிட்டாலில் 2 (ஆர்பிட்டால் என்பதை எலெக்ட்ரான்கள் குடியிருக்கும் அறை என்று வைத்துக்கொள்ளலாம்). வினை என்று வந்தால் அந்த 4எஸ் எலெக்ட்ரான்கள் இரண்டையும் கொடுத்துவிட்டு, எட்டு டி எலெக்ட்ரான்களோடு +2 அயனியாக நிற்பதுதான் இதற்கு வசதி. இந்த எட்டு என்ற எண் பிறகு தேவைப்படும்.

பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செம்பு நிறத்தில் ஒரு தாது கிடைத்துக்கொண்டிருந்தது. உருக்கினால் செம்பு வராது. உடம்பைக் கெடுக்கும் புகைதான் வரும். ஏதோ குறும்புக்காரக் குட்டிப்பேய் செம்பைத் திருடிக்கொண்டது என்று நினைத்து, அதற்குக் 'குப்பர்நிக்கல்' என்று பெயர் வைத்தார்கள். செம்புப்பேய் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது நிக்கலும் ஆர்சனிக்கும் சேர்ந்த சேர்மம். உடம்பைக் கெடுத்தது ஆர்சனிக் புகை. 1751இல் சுவீடன் நாட்டு ஆக்செல் கிரான்ஸ்டெட் இத்தகைய தாது ஒன்றிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பெயரிலிருந்த செம்பை விட்டுவிட்டுப் பேயை மட்டும் வைத்துக்கொண்டார்.

இனி உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். காற்றில் வைத்தால் இரும்பு போலத் துருப்பிடித்து உதிராது. மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, அதுவே உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் கவசமாகிவிடுகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் மெதுவாகக் கரைந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், கரைசல் பச்சையாகும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இன்னும் எளிதாகக் கரையும். சரி, அப்படியென்றால் அடர் நைட்ரிக் அமிலத்தில் நொடியில் கரையுமே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அடர் அமிலம் ஆக்சைடு படலத்தை இறுக்கமாக்கிவிடுவதால் வினை நின்றுபோகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும் புளூரின் வாயுவும் இதேபோல ஏமாறும்: மேலே நிக்கல் புளூரைடு படலம் படிந்து, உள்ளே போக வழியில்லாமல் செய்துவிடும். அதனால்தான் புளூரினைக் கையாளும் குழாய்களுக்கு நிக்கலைத் தேடுகிறார்கள். உருகிய சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் நிக்கல் அசைந்து கொடுக்காது.

எலெக்ட்ரானை எளிதாகக் கொடுப்பது மேலே, தயங்குவது கீழே என்று அடுக்கிய மின்வேதி வரிசையில் நிக்கல் ஹைட்ரஜனுக்குக் கொஞ்சம் மேலே, இரும்புக்குக் கீழே நிற்கிறது. செம்பு உப்புக் கரைசலில் நிக்கலை வைத்தால் செம்பு படியும், நிக்கல் கரையும். மின்சாரத்தைத் துணைக்கு அழைத்தால் எதிர்த்திசையிலும் ஓட்டலாம். ஒரு முனையில் நிக்கல் தகடு கரைந்துகொண்டே இருக்கும், மறுமுனையில் உள்ள பொருளின் மேல் நிக்கல் படிந்துகொண்டே இருக்கும். நிக்கல் முலாம் பூசுவது இதுதான்.

நிறம் மாறுவது ஏன்?

நிக்கல் சல்பேட்டையோ நிக்கல் குளோரைடையோ தண்ணீரில் கரைத்தால், ஒவ்வொரு நிக்கல் அயனியையும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நாலு பக்கமும் நாலு. இதை எண்முகி வடிவம் என்பார்கள். இப்படி நடு அயனியோடு எலெக்ட்ரான் சோடியைப் பகிர்ந்துகொண்டு ஒட்டும் மூலக்கூறுக்கோ அயனிக்கோ ஈனி என்று பெயர். ஈனிகளும் அயனியும் சேர்ந்த முழு அமைப்பு அணைவுச் சேர்மம்.

ஈனிகள் பக்கத்தில் வந்ததும் டி ஆர்பிட்டால்கள் ஐந்தும் ஒரே ஆற்றலில் இருக்க முடியாது. ஈனிகளை நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு ஆர்பிட்டால்கள் ஆற்றலில் மேலே போகும், இடைவெளிகளைப் பார்க்கும் மூன்று கீழே நிற்கும். கீழிருந்து மேலே ஓர் எலெக்ட்ரான் தாவ வேண்டுமானால் அந்த இடைவெளிக்கு ஏற்ற ஒளியை விழுங்க வேண்டும். தண்ணீர் சூழ்ந்த நிக்கல் ஒளியின் சிவப்புப் பகுதியையும் ஊதாப் பகுதியையும் விழுங்குகிறது. நடுவில் தப்பிப் பிழைக்கும் பச்சை நம் கண்ணுக்கு வருகிறது.

அம்மோனியா தண்ணீரைவிட வலுவான ஈனி. அது வந்தால் ஆற்றல் இடைவெளி அகலும், விழுங்கப்படும் ஒளியும் மாறும், கரைசல் நீலமாகத் தெரியும். ஆனால் முதலில் வந்த அந்த வெளிர்பச்சைக் கலங்கல்? அம்மோனியா ஒரு காரம் என்பதால் ஆரம்பத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிறது. அம்மோனியா மிகுதியானதும் நிக்கல், ஹைட்ராக்சைடை விட்டுவிட்டு அம்மோனியாவைப் பிடித்துக்கொள்கிறது. வீழ்படிவு கரைந்துபோகிறது.

தண்ணீரே இல்லாவிட்டாலும் நிறம் மாறும். பச்சை நிற நிக்கல் சல்பேட் படிகத்தை நன்றாகச் சூடாக்கித் தண்ணீரை விரட்டினால் மஞ்சள் தூள் மிஞ்சும். தண்ணீர் கிடைத்தால் மீண்டும் பச்சை. நிக்கல் ஹைட்ராக்சைடையோ கார்பனேட்டையோ சூடாக்கினால் நிக்கல் ஆக்சைடு வரும். தூய்மையாக இருந்தால் அதுவும் பச்சைதான். அது கார ஆக்சைடு: அமிலத்தில் கரைந்து உப்பையும் தண்ணீரையும் தரும். ஹைட்ரஜனைச் செலுத்திச் சூடாக்கினால் ஆக்சிஜனை விட்டுவிட்டு மறுபடி உலோகமாகும்.

சிவப்பு வீழ்படிவுதான் இதில் மிக அழகான பகுதி. 1905இல் ரஷ்ய வேதியியலாளர் லெவ் சுகாயெவ் கண்டுபிடித்த சோதனை அது. டைமெத்தில்கிளையாக்சைம் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு நைட்ரஜன் கைகளால் நிக்கலைப் பிடிக்கும். இரண்டு மூலக்கூறு, நான்கு கை. அவை ஒரே தளத்தில் சதுரமாக நிற்கின்றன. போதாக்குறைக்கு இரண்டு மூலக்கூறுகளும் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கின்றன. தட்டையான இந்தத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தண்ணீரில் கரையாத சிவப்புத் திண்மம் ஆகின்றன. அமிலத்தைச் சேர்த்தால் கட்டு அவிழ்ந்து கரைந்துவிடும். அதனால்தான் இந்தச் சோதனையை அம்மோனியா கலந்த கரைசலில் செய்கிறார்கள்.

இங்கேதான் அந்த எட்டு எலெக்ட்ரான் விஷயத்துக்குத் திரும்ப வேண்டும். சதுரத் தளத்தில் வலுவான ஈனிகள் நான்கு நின்றால், ஐந்து டி ஆர்பிட்டால்களில் ஒன்று மட்டும் ஆற்றலில் மிகவும் மேலே தள்ளப்படும். மிச்சம் நான்கு. நான்கு அறைக்கு எட்டுப் பேர், அறைக்கு இரண்டு பேர் என்று கச்சிதமாகச் சோடி சேர்ந்துவிடும். காந்தம் இழுக்க வேண்டுமானால் சோடி சேராத தனி எலெக்ட்ரான் வேண்டும், இங்கே அது இல்லை. எனவே காந்தம் இழுக்காது. சயனைடு அயனிகள் நான்கு சூழ்ந்த மஞ்சள் நிற அணைவும் இதே கதை. ஆனால் குளோரைடு அயனிகள் நான்கு சூழ்ந்தால் வடிவம் நான்முகி, அதாவது நான்கும் ஒரே தளத்தில் நிற்காமல் முக்கோணப் பிரமிடின் நான்கு மூலைகளில் நிற்கும். குளோரைடு வலுக்குறைந்த ஈனி, உருவத்திலும் பெரியது. சதுரமாக நெருக்கி நிற்பதில் அதற்கு லாபமில்லை. நிறம் நீலம், சோடி சேராத எலெக்ட்ரான்கள் இரண்டு, எனவே காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும். ஈனிகளின் எண்ணிக்கை இரண்டிலும் நான்குதான், ஆனால் வடிவம், நிறம், காந்தத்தன்மை மூன்றும் வேறு. அணைவுச் சேர்மங்களைப் பற்றிப் பேசும்போது நிக்கலை உதாரணமாகக் காட்டாத பாடநூல் அநேகமாக இருக்காது.

உலோகம் ஆவியாகப் பறந்த கதை

லுட்விக் மாண்ட் சலவைச் சோடா தயாரிக்கும் தொழிலில் இருந்தவர். அம்மோனியம் குளோரைடிலிருந்து குளோரினை மீட்கும் முயற்சியில் அவருடைய கருவியின் நிக்கல் வால்வுகள் அரிக்கப்பட்டன. வாயுவில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. சாதாரணமாக இப்படி வால்வு பழுதானால் புது வால்வு வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். மாண்டும் அவருடன் வேலை செய்த கார்ல் லாங்கரும் நுண்ணிய நிக்கல் தூளின் மேல் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி, வெளியே வரும் நச்சு வாயுவை எரித்துவிட ஏற்பாடு செய்தார்கள். கருவி ஆறிக்கொண்டிருந்தபோது, மங்கிய நீலமாக எரிய வேண்டிய சுடர் பிரகாசமாக எரிந்தது. வாயு வந்த குழாயைச் சூடாக்கிப் பார்த்தால் உள்சுவரில் கண்ணாடி போல நிக்கல் படிந்தது.

நடந்தது இதுதான்: சுமார் 50 டிகிரியில் ஒரு நிக்கல் அணு நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைப் பிடித்து நிக்கல் டெட்ராகார்பனைல் ஆகிறது. நிறமற்ற திரவம், 43 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருகவே 1455 டிகிரி கேட்கும் உலோகம் வெந்நீரின் சூட்டுக்கு ஆவியாகிறது! அதே ஆவியை 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் நான்கையும் உதறிவிட்டு வெறும் நிக்கலாகப் படிகிறது. விட்ட கார்பன் மோனாக்சைடை மறுபடி பயன்படுத்தலாம்.

1890இல் இது வெளியானது. தாதுவில் கூட இருக்கும் மற்ற உலோகங்கள் அந்த வெப்பநிலையில் இப்படிப் பறப்பதில்லை என்பதால், நிக்கலை மட்டும் பிரித்தெடுக்க அருமையான வழி கிடைத்தது. 1902இல் வேல்ஸில் கிளைடாக் என்ற இடத்தில் ஆலையே எழுந்தது. மாண்ட் முறையில் கிடைக்கும் நிக்கல் 99.9 சதவீதத்துக்கு மேல் தூய்மையானது.

இந்தச் சேர்மத்தில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற எண் சுழி. எலெக்ட்ரானைக் கொடுத்து அயனியாகாமலேயே சேர்மமாகியிருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: நிக்கல் டெட்ராகார்பனைல் மிகக் கொடிய நஞ்சு. ஆய்வகங்களில் அனுபவசாலிகளே தொட அஞ்சும் பொருள் அது.

மாண்டின் கண்டுபிடிப்பைப் பார்த்து பிரான்சில் பால் சபாட்டியே யோசித்தார். நிக்கல் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்குமானால் எத்திலீனைப் பிடிக்காதா? எத்திலீனையும் ஹைட்ரஜனையும் நுண்ணிய நிக்கலின் மேல் செலுத்தியபோது ஈத்தேன் வந்தது. அது 1897. நிக்கலின் மேற்பரப்பு ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து அணுக்களாகப் பிடித்து வைக்கிறது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பையும் பிடிக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கூடிவிடுகின்றன. உருவான ஈத்தேனை விட்டுவிடுகிறது. இடம் காலியானதும் அடுத்த சோடி வரும். தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளான வினைவேகமாற்றி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிடிக்கவே தெரியாத உலோகத்தால் பயனில்லை. பிடித்ததை விடத் தெரியாத உலோகத்தாலும் பயனில்லை. கந்தகச் சேர்மங்கள் வந்தால் நிக்கலுக்கே அந்தக் கதி நேர்கிறது: கந்தகத்தை மட்டும் அது இறுகப் பற்றிக்கொள்ளும், மேற்பரப்பு அடைபட்டு வினை நின்றுபோகும். வினைவேகமாற்றி நஞ்சு என்று சொல்வது இதைத்தான்.

சபாட்டியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் நிக்கலின் மேல் செலுத்தி மீத்தேனும் தண்ணீரும் பெறும் வினைக்கும் அவர் பெயர்தான். விண்வெளி வீரர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து தண்ணீரை மீட்க, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்த வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தாவர எண்ணெயைக் கெட்டியான கொழுப்பாக்குவதற்கு நிக்கலைப் பயன்படுத்தலாம் என்று 1902இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன். மாறுபக்கக் கொழுப்பு அதாவது டிரான்ஸ் கொழுப்பு என்ற தொல்லை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே புரிந்துகொள்ளலாம். இரட்டைப் பிணைப்பின் ஒரு முனையில் ஒரே ஒரு ஹைட்ரஜன் ஒட்டியதும், அந்த இடம் சுற்றித் திரும்பும் சுதந்திரம் பெறுகிறது. இரண்டாவது ஹைட்ரஜன் வருவதற்குள் நிக்கல் அதை விட்டுவிட்டால், பழைய ஹைட்ரஜனை இழந்து மறுபடி இரட்டைப் பிணைப்பாகும். ஆனால் இப்போது திரும்பிய நிலையில். பாதி வேலையில் கைவிட்டதன் விளைவு.

பாதியில் விடுவது நல்லதாக முடிந்த சம்பவமும் உண்டு. 1950களில் ஜெர்மனியில் கார்ல் சீக்லரின் ஆய்வகத்தில், அலுமினியச் சேர்மத்தைக் கொண்டு எத்திலீன் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோக்க முயன்றார்கள். ஒருமுறை இரண்டே மூலக்கூறு சேர்ந்து பியூட்டீனாக நின்றுவிட்டது. துருவிப் பார்த்ததில், கலனில் ஒட்டியிருந்த துளியூண்டு நிக்கல்தான் சங்கிலியைச் சீக்கிரமே கழற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் வேறு உலோகங்கள் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்ததில்தான் பாலிஎத்திலீனை எளிதாக உருவாக்கும் வினைவேகமாற்றிகள் அகப்பட்டன. சீக்லருக்கு 1963இல் நோபல் பரிசு.

பேட்டரிக்குள் நடப்பதும் இதே குணத்தின் இன்னொரு முகம். 1899இல் சுவீடனின் வால்டெமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கினார். அதன் நேர்மின்முனையில் இருப்பது பச்சை நிற நிக்கல் ஹைட்ராக்சைடு. மின்னேற்றும்போது அது ஓர் எலெக்ட்ரானையும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் இழந்து, நிக்கல் +3 நிலையில் உள்ள கருப்பு ஆக்சிஹைட்ராக்சைடாகிறது. பேட்டரியைப் பயன்படுத்தும்போது இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்தச் சேர்மம் அடுக்கடுக்கான தாள்கள் போல அமைந்திருப்பதால் ஹைட்ரஜன் அயனி உள்ளே போய்வருவது எளிது, கட்டமைப்பு இடிந்துபோவதில்லை. பின்னால் வந்த நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரியில், காட்மியம் இருந்த இடத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் உலோகக் கலவை வந்தது. லாந்தனத்தோடு ஐந்து பங்கு நிக்கல் சேர்ந்த கலவை அந்த வகையைச் சேர்ந்தது. லித்தியம் அயனி பேட்டரிகள் பலவற்றில் இப்போது நிக்கல் ஆக்சைடு அடுக்குகளுக்குள் லித்தியம் போய்வருகிறது.

உயிருள்ளவற்றிலும் நிக்கல் வேலை செய்கிறது. யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியை ஜேம்ஸ் சம்னர் 1926இல் படிகமாகப் பிரித்துக் காட்டினார். அதன் மையத்தில் நிக்கல் இருக்கிறது என்பது தெரியவந்ததோ 1975இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது! இரண்டு நிக்கல் அயனிகள் அருகருகே நின்று, ஒன்று யூரியாவைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் அதைத் தாக்கி உடைக்க வழிசெய்கின்றன. உடைந்ததும் அம்மோனியா வெளியேறும், மையம் அடுத்த யூரியாவுக்குத் தயாராகும். மீத்தேனை உருவாக்கும் நுண்ணுயிர்களுக்கும் நிக்கல் கொண்ட ஒரு துணைநொதி இல்லாமல் ஆகாது.

மனிதத் தோல் விஷயத்தில் மட்டும் இந்த உறவு சுமுகமாக இல்லை. நிக்கல் கலந்த நகையோ கடிகாரப் பட்டையோ வியர்வையில் படும்போது கொஞ்சம் கொஞ்சமாக நிக்கல் அயனிகள் கரைகின்றன. அவை தோலின் புரதங்களோடு ஈனிகளைப் பிடிப்பதுபோலவே ஒட்டிக்கொள்ள, சிலருடைய நோயெதிர்ப்பு அமைப்பு அந்தப் புரதத்தை அந்நியன் என்று எண்ணிச் சண்டைக்கு வருகிறது. அரிப்பும் தடிப்பும் அதன் அடையாளம். ஒரு பொருளிலிருந்து நிக்கல் கசிகிறதா என்று பார்க்க, டைமெத்தில்கிளையாக்சைமும் அம்மோனியாவும் நனைத்த பஞ்சால் தேய்ப்பார்கள். பஞ்சு ரோஜா நிறமானால் கசிகிறது என்று பொருள். சுகாயெவின் சோதனை இன்றும் ஓய்வு பெறவில்லை. நிக்கல் சேர்மங்களின் தூசியைச் சுவாசிப்பது இதைவிட மோசம். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் அவை இருக்கின்றன.

தாவரங்களுக்கு மிகச் சிறிதளவு நிக்கல் தேவை, கூடினால் நஞ்சு. ஆனால் பசிபிக் பெருங்கடலில் நிக்கல் வளம் மிகுந்த நியூ கலிடோனியா தீவில், பிக்னாண்ட்ரா அக்குமினாட்டா என்ற மரம் மண்ணிலுள்ள நிக்கலை அள்ளி அள்ளித் தன் பாலில் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த பாலின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை நிக்கல் இருக்கும். மரத்தைச் சாகவிடாமல் காப்பது சிட்ரேட் என்ற ஈனி. அது தன் ஆக்சிஜன் அணுக்களால் நிக்கலைப் பற்றிக்கொள்கிறது. தண்ணீரும் ஆக்சிஜன் வழியாகத்தான் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பட்டையைக் கீறினால் வடியும் பாலின் நிறம் என்னவாக இருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை.